காருக்குள் அடங்காத வண்டி

அத்தியாயம் ஒன்பது

குளியலறையில் வழுக்கி விழுந்து, தோள்பட்டை விலகி, குமுதா தன் தம்பி வீட்டுக்கு வந்து மூன்று மாதமாகிவிட்டது. வந்த அன்று எல்லோரும் சொன்னது 'கொஞ்ச நாளைக்கு' என்றுதான். அந்தக் கொஞ்ச நாள் எப்போது முடியும் என்று அவளும் கேட்கவில்லை. தம்பி புவனேஸ்வரனும் சொல்லவில்லை.

சின்ன வயதில் வந்த போலியோ அவளுடைய இடது காலைச் சூம்ப வைத்திருந்தது. அதற்காக அவள் வீட்டோடு கிடக்கவில்லை. காலில் இரும்புப் பட்டை, கையில் ஊன்றுகோல், பின்பக்கம் இரண்டு துணைச் சக்கரங்கள் பூட்டிய மோட்டார் சைக்கிள். இப்படியே முப்பது வருஷம் பாயான் பாரு பக்கத்தில் ஒரு மின்னணுத் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போய் வந்தவள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஜார்ஜ்டவுனில் கடலோரமாக ஒரு ஃபிளாட் வாங்கி, அதில் தனியாகவே இருந்தவள்.

இப்போது தோளும் போய்விட்டது. ஊன்றுகோலை அழுத்தினால் வலி உயிர் போகிறது.

"இனிமே நடக்கணும்னு பிடிவாதம் பிடிக்காதீங்க. உக்காந்து ஓட்டற பேட்டரி ஸ்கூட்டர் ஒண்ணு வாங்கிக்குங்க" என்று போன வாரம் டாக்டர் சொல்லிவிட்டார்.

அதை வாங்கத்தான் ஞாயிற்றுக்கிழமை காலையில் அவளும் தம்பியும் தம்பி மனைவியும் தம்பி வீடு இருந்த சிம்பாங் அம்பாட்டிலிருந்து கிளம்பி, கடல் பாலத்தைத் தாண்டி ஜார்ஜ்டவுனுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள்.

"காடி பின்பக்க பூட்ட முழுக்க காலி பண்ணிட்டேன்கா," என்றான் காரை ஓட்டிக்கொண்டிருந்த புவனேஸ்வரன். "மடக்கற ஸ்கூட்டர் எவ்ளோ இருக்கும்னு அளவு பாத்துட்டேன். நம்ம காடில கச்சிதமா உக்காரும்லா. ஞாயித்துக்கிழமையான பாலிக் புலாவ் கூட்டிட்டுப் போறேன், டுரியான் பழம் சாப்பிடலாம். ராத்திரிச் சந்தை, பாசார் மாலாம் கூட்டிட்டுப் போறேன்."

குமுதா கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கூட்டிட்டுப் போறேன், கூட்டிட்டுப் போறேன். தம்பி ஆசையாகத்தான் சொல்கிறான். அது அவளுக்குத் தெரியும். அவள் வீட்டுக்கு வந்த வாரத்திலேயே சிமெண்டு வாங்கி வந்து, வாசற்படிக்குச் சரிவு கட்டியவன் அவன். கையெல்லாம் கொப்பளித்துப்போய் அதைக் காட்டிச் சிரித்தவன்.

"மடக்கறது வாங்கலாம்னு நான்தான் அண்ணி சொன்னேன்," என்றாள் பின்சீட்டிலிருந்து பிரமிளா. "கம்பெனில ஒருத்தவங்க அம்மா வச்சிருக்காங்க. லேசா இருக்குமாம்."

புவனேஸ்வரனின் மனைவி பிரமிளா, பாயான் பாருவில் ஒரு கம்பெனியில் கணக்குப் பிரிவில் இருக்கிறாள். ஒரே மகன் கோலாலம்பூரில் படிக்கிறான். திங்கள் முதல் வெள்ளி வரை கணவன் மனைவி இருவரும் விடியும்போதே கிளம்பிவிடுவார்கள். அதற்குப் பிறகு அந்த வீட்டில் குமுதாவும் கூரையில் சுழலும் காற்றாடியும்தான். பக்கத்து வீடுகளிலும் எல்லோரும் வேலைக்குப் போகிறவர்கள். கேட் எல்லாம் பூட்டிக் கிடக்கும். மத்தியானத்தில் ஒரு பூனை தெருவைக் கடந்தால் அதுதான் அன்றைய விசேஷம்.

சனிக்கிழமையும் பிரமிளாவுக்கு ஓவர்டைம் இருந்தது. ஆனால் மூன்று மணி வாக்கில் வந்துவிடுவாள். வந்ததும் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, வாங்கி வந்த பலகாரத்தைப் பிரித்து வைத்து, கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருப்பாள். அந்த வீட்டில் குமுதாவோடு உட்கார்ந்து பேசுகிறவள் அவள் ஒருத்திதான். வாரம் முழுவதும் குமுதா அந்தச் சனிக்கிழமைக்காகத்தான் காத்திருந்தாள். கேட் திறக்கும் சத்தம் கேட்கிறதா என்று காது அங்கேயே இருக்கும்.

*

ஸ்கூட்டர் கடை சி.ஒய். சோய் சாலையில் இருந்தது. கடைக்காரப் பெண் நோர்மா தானே வாசலுக்கு வந்து, சக்கர நாற்காலியில் குமுதாவை உள்ளே அழைத்துப் போனாள். குமுதா வயதுதான் இருக்கும். மலாயில்தான் பேசினாள், குமுதாவும் மலாயிலேயே பதில் சொன்னாள்.

"முதல்ல ஒண்ணு கேக்கறேன்," என்றாள் நோர்மா. "எங்க போறதுக்கு உங்களுக்கு வண்டி வேணும்?"

குமுதா வாயைத் திறப்பதற்குள் புவனேஸ்வரன் முந்திக்கொண்டான். "காடில வச்சு எடுத்துட்டுப் போற மாதிரி வேணும். மடக்கறது."

நோர்மா ஒரு சிவப்பு வண்டியை உருட்டி வந்தாள். கைப்பிடித் தண்டைச் சாய்த்து, ஒரு கொக்கியை இழுத்ததும் அது பெட்டி மாதிரி மடங்கியது. புவனேஸ்வரன் அதை இரண்டு கையாலும் தூக்கிப் பார்த்து, "பாத்தியாக்கா, எவ்ளோ ஈசி!" என்றான். அவன் முகம் சிவந்திருந்தது.

"கீழ வை தம்பி. நான் ஓட்டிப் பாக்கறேன்."

ஏறி உட்கார்ந்தாள். விரலால் நெம்புகோலை இழுத்தால் போகிறது, விட்டால் நிற்கிறது. அவ்வளவுதான். ஆனால் இருக்கை ஒடுக்கமாக இருந்தது. சூம்பிய கால் வைக்கிற இடத்திலிருந்து நழுவி நழுவி வெளியே வந்தது. சக்கரங்கள் குழந்தைகள் தள்ளுவண்டிச் சக்கரம் போலச் சின்னதாக இருந்தன. கடை வாசலில் ஒரு மேடு. வண்டி அதில் முட்டி நின்றது.

"இத நான் ஒருத்தியா மடக்க முடியுமா?" என்று கேட்டாள்.

நோர்மா அவள் காலையும் தோளையும் பார்த்தாள். "நின்னுகிட்டுக் குனிஞ்சு மடக்கணும். உங்களால முடியாது. யாராச்சும் கூட இருக்கணும்."

"அதான் நான் இருக்கேனே!" என்றான் புவனேஸ்வரன்.

குமுதா கடையின் மூலையைப் பார்த்தாள். அங்கே நீல நிறத்தில் ஒரு பெரிய வண்டி நின்றது. நான்கு சக்கரமும் காற்றடைத்த டயர். அகலமான இருக்கை, கை வைக்க இடம், முன்னால் கூடை, விளக்கு, இரண்டு பக்கமும் கண்ணாடி. பார்த்ததும் அவளுக்குத் தன் பழைய மோட்டார் ஞாபகம் வந்தது.

"அத இங்க கொண்டாங்க."

"அக்கா, அது காடில போகாது."

"சும்மா ஒக்காந்து பாக்கறேன்."

அதன் இருக்கை பக்கவாட்டில் திரும்பியது. எழுந்து நிற்காமலே சிவப்பு வண்டியிலிருந்து அதற்கு நகர முடிந்தது. இடது காலைத் தூக்கி வைத்தாள். வைத்த இடத்தில் நின்றது. வாசல் மேட்டில் ஏறி இறங்கி, கடை முன்னால் ஒரு சுற்று வந்தாள். தோள் வலிக்கவில்லை. அவளுக்குச் சிரிப்பு வந்தது.

"இது லிஃப்டுக்குள்ள போகுமா?" என்று நோர்மாவிடம் கேட்டாள்.

"பெரிய லிஃப்டுன்னா போகும். பழைய ஃபிளாட்டுன்னா அளந்து பாக்கணும்."

"லிஃப்ட் எதுக்குக்கா?" என்றான் புவனேஸ்வரன். "நம்ம வீட்ல லிஃப்ட் இல்லியே."

மூன்று மாதமாகப் பேசாமல் வைத்திருந்த பேச்சு, இரண்டு வண்டிகளுக்கு நடுவில் வந்து நின்றுவிட்டது.

அந்த நேரம் பார்த்து வெளியே ஒரு லாரி விடாமல் ஹாரன் அடித்தது. புவனேஸ்வரன் காரை நிறுத்திய இடம் சரியில்லை. "ஐயோ, போலீஸ் சம்மன் போட்டுறப் போறான்!" என்று சாவியை எடுத்துக்கொண்டு ஓடினான்.

குமுதா நோர்மாவிடம் திரும்பினாள். "என் ஃபிளாட் பக்கத்துலதான், மெக்காலம் தெருவுல. லிஃப்டுக்குள்ள போகுதான்னு இதுலயே போய்ப் பாத்துட்டு வரட்டுமா?"

நோர்மா கொஞ்சம் யோசித்தாள். "ரோட்ல ஓட்டுவீங்களா?"

"முப்பது வருஷம் மோட்டார் ஓட்டியிருக்கேன்."

"சரி. அடையாள அட்டைய, ஐ.சி.ய வச்சிட்டுப் போங்க. ஓரமா போங்க."

"அண்ணி, வேணாம்!"

பிரமிளாவின் குரல் கொஞ்சம் உரக்கவே வந்தது. அவளே அதை உணர்ந்து தணித்துக்கொண்டாள். "வெயிலா இருக்கு அண்ணி. நீங்க இங்கயே இருங்க. நான் போய் லிஃப்ட அளந்துட்டு வந்துடறேன். டேப் வாங்கிட்டு ஓடிட்டு வந்துடுவேன்."

"நீ எதுக்கு வெயில்ல ஓடற? வண்டி இருக்கே."

"அவர் வந்துடட்டும் அண்ணி. சேர்ந்து போலாம்."

"அவன் வந்தா போக விடமாட்டான்," என்று சொல்லிவிட்டு குமுதா நெம்புகோலை இழுத்தாள்.

*

தெருவில் இறங்கியதும் முதல் நிமிஷம் பயமாகத்தான் இருந்தது. மோட்டார்கள் உரசுகிற மாதிரி போயின. கடைகளை ஒட்டிய அஞ்சடி நடைபாதையில் போகலாமென்றால் அங்கே பூந்தொட்டியும் பழைய டயரும் நிறுத்தி வைத்த மோட்டாருமாக அடைத்துக் கிடந்தது. சாலையின் ஓரத்திலேயே, வெள்ளைக் கோட்டைப் பிடித்துக்கொண்டு போனாள்.

ஞாயிற்றுக்கிழமை. பட்டறைகள் இழுத்து மூடியிருந்தன. ஒரு சீனக் கிழவர் வாசலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர், நிமிர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பவும் பேப்பருக்குள் போனார். கடல் வாடை வந்தது. யாரும் அவளைத் தள்ளவில்லை. 'மெதுவாக்கா', 'பாத்துக்கா' என்று பின்னாலிருந்து எந்தக் குரலும் வரவில்லை. நெம்புகோலை இன்னும் கொஞ்சம் இழுத்தாள்.

ஃபிளாட்டின் கீழ்த்தளத்தில் தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லை. காப்பிக் கடையில் புதிதாக யாரோ இருந்தார்கள். எதிர்வீட்டு நவமணி அக்கா மகனோடு ஈப்போவுக்குப் போய்விட்டதாக இரண்டு மாதத்துக்கு முன்பே போனில் சொல்லியிருந்தாள். லிஃப்டுக்குக் காத்திருந்த ஒரு இளம் ஜோடி, அவள் வண்டியைப் பார்த்துவிட்டு, "நீங்க போங்க ஆண்ட்டி" என்று ஒதுங்கி நின்றது.

வண்டி உள்ளே போனது. முன்பக்கம் சுவரில் மெல்ல இடித்தது. பின்னால் கதவு மூட ஒரு சாண் இடம் மிச்சமிருந்தது. உள்ளே திரும்ப முடியாது. வெளியே வரும்போது பின்பக்கமாகத்தான் வர வேண்டும். கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே மெல்லப் பின்னால் எடுத்தாள். முதல் தடவை கதவில் உரசியது. சரிசெய்து மறுபடி எடுத்தாள். வந்துவிட்டது.

கைப்பையிலிருந்து சாவியை எடுத்துக் கதவைத் திறந்தாள்.

பூஞ்சை வாடையும் தூசியும்தான் இருக்கும் என்று நினைத்திருந்தாள். மூன்று மாதமாக மூடிக் கிடந்த வீடு வேறெப்படி இருக்கும்? ஆனால் தரை துடைத்துச் சுத்தமாக இருந்தது. ஜன்னல் ஒரு பக்கம் திறந்திருந்தது. திரைச்சீலை மெல்ல அசைந்தது.

குமுதா வாசலிலேயே வண்டியை நிறுத்திவிட்டாள்.

அவளுடைய சாய்வு நாற்காலி ஹாலிலிருந்து ஜன்னலோரத்துக்கு நகர்த்தப்பட்டிருந்தது, கடலைப் பார்க்கிற மாதிரி. நாற்காலி மேல் ஒரு தலையணை. கீழே ஒரு பாய், மடித்து வைத்த போர்வை. சமையலறைத் தொட்டியில் ஒரே ஒரு கோப்பை. அடியில் காய்ந்த காப்பிக் கறை, விளிம்பில் லேசாக உதட்டுச் சாயம்.

யாரோ வந்து போகிறார்கள். திருடனா? திருடன் தரையைத் துடைப்பானா? தம்பி யாருக்காவது வாடகைக்கு விட்டுவிட்டானா? வண்டியை மெல்ல நகர்த்தி ஜன்னலோரம் போனாள். நாற்காலியின் கைப்பிடியில் பச்சைப் பட்டியில் ஒரு அட்டை தொங்கிக்கொண்டிருந்தது. வேலை இடத்து அடையாள அட்டை.

அதிலிருந்த படத்தில் பிரமிளா சிரித்துக்கொண்டிருந்தாள்.

*

பிரமிளா வந்தபோது மூச்சு வாங்கியது. வெயிலில் ஓடி வந்திருக்கிறாள். பொட்டு வியர்வையில் கரைந்திருந்தது. வாசலில் நின்று, நாற்காலியையும் குமுதாவின் மடியிலிருந்த அட்டையையும் பார்த்தாள்.

"நேத்து சாயங்காலத்துலேருந்து அத தேடிக்கிட்டிருந்தேன்," என்றாள். வேறு எதுவும் சொல்லத் தெரியாமல்தான் அதைச் சொன்னாள் போலிருந்தது.

"சனிக்கிழமை ஓவர்டைம் இல்லியா?"

"இல்ல அண்ணி."

"எப்பவுமே இல்லியா?"

"எப்பவுமே இல்ல. நேத்துகூட இங்கதான் இருந்தேன்."

"யார் கூட வர்ற?"

பிரமிளா நிமிர்ந்தாள். அவள் கண்ணில் கோபம் கூட வரவில்லை, அசதிதான் தெரிந்தது. "யார் கூடவும் இல்ல. அதுக்குத்தானே வர்றேன்."

குமுதா மடியிலிருந்த அட்டையை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

பிரமிளா கதவைச் சாத்திவிட்டுப் பாயில் உட்கார்ந்தாள். "உங்க உடுப்பு எடுக்க ஒரு தடவ வந்தேன்ல, அன்னைக்கு மழை. சரி, மழை விடட்டும்னு அந்த நாற்காலில ஒக்காந்தேன். யாரும் என்னைக் கூப்பிடல. சாப்பாடு ஆச்சா, சட்டை எங்க, பில்லு கட்டியாச்சா... ஒண்ணும் இல்ல. அப்படியே தூங்கிட்டேன். எழுந்தப்ப எனக்கு அழுகையா வந்துச்சு. அடுத்த சனிக்கிழமை என் கால் தானா இங்க வந்துடுச்சு."

"உன் வீட்லயே நிம்மதியா ஒக்கார எடம் இல்லியா?"

"இருந்துச்சு," என்றாள் பிரமிளா மெதுவாக. "கீழ் ரூம்."

குமுதாவுக்குச் சட்டென்று புரிந்தது. மேலே ஒரு அறை மகனுடையது, ஒன்று அவர்களுடையது. கீழே சமையலறையை ஒட்டியிருந்த அந்தச் சின்ன அறையில், அவள் வந்த அன்று ஒரு மேசையும் ஒரு நாற்காலியும் இருந்தன. ஜன்னலில் பூப்போட்ட திரை. தம்பி ஒரே மணி நேரத்தில் எல்லாவற்றையும் ஸ்டோருக்குத் தூக்கிப் போட்டுவிட்டுக் கட்டிலைக் கொண்டுவந்து போட்டான். அது யாருடைய மேசை என்று அவள் கேட்கவே இல்லை.

"அப்பவே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"என்னன்னு சொல்ல? நடக்க முடியாதவங்க வந்திருக்காங்க, எனக்கு என் ரூம் வேணும்னா? கேக்கறவங்க என்னை என்ன நெனப்பாங்க?"

"சின்ன வண்டி வாங்கலாம்னு சொன்னது, நான் இங்க திரும்பி வந்துடக் கூடாதுன்னா?"

பிரமிளா தலை குனிந்தாள். பொய் சொல்லலாமா என்று யோசித்த மாதிரி இருந்தது. பிறகு, "ஆமா அண்ணி," என்றாள்.

வெளியே கடலில் ஏதோ கப்பல் ஊதியது. குமுதா வண்டியின் கைப்பிடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோபம்தான் வரவேண்டும். வந்ததும் உண்மை. ஆனால் கோபத்துக்கு அடியில் இன்னொன்று இருந்தது. அதுதான் அதிகம் வலித்தது.

"சனிக்கிழமையான நான் உனக்காகத்தான் காத்துக்கிட்டிருப்பேன், தெரியுமா?" என்றாள். "காலைலேர்ந்தே. இன்னும் கொஞ்ச நேரத்துல பிரமிளா வந்துடும், வந்து பேசும்னு. பாவம், வாரம் முழுக்க வேலை, சனிக்கிழமையும் வேலைன்னு நெனச்சுக்குவேன். நீ என்கிட்டேர்ந்து தப்பிச்சு என் வீட்லயே வந்து ஒக்காந்திருக்க."

"உங்ககிட்டேர்ந்து இல்ல அண்ணி. எல்லார்கிட்டேர்ந்தும்."

"அதுல நானும் ஒருத்திதானே."

பிரமிளா கன்னத்தைத் துடைத்துக்கொண்டாள். எழுந்து, பர்ஸிலிருந்து ஒரு சாவியை எடுத்து மேசைமேல் வைத்தாள். குமுதா அதை எடுத்துத் தன் பைக்குள் போட்டுக்கொண்டாள். 'நீயே வச்சுக்க' என்று சொல்லியிருக்கலாம். அந்த நேரத்தில் அதற்கு அவளுக்கு மனம் வரவில்லை.

"அவர்கிட்ட சொல்லாதீங்க அண்ணி," என்றாள் பிரமிளா.

அதற்குள் வெளியே காலடிச் சத்தம் கேட்டது.

*

"என்னக்கா இது! சொல்லாம கொள்ளாம!" புவனேஸ்வரன் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தான். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. "ஒன்-வே ரோட்ல மாட்டிக்கிட்டு ஊரெல்லாம் சுத்திட்டு வர்றேன். ரோட்ல ஏதாச்சும் ஆயிருந்தா?"

"ஒண்ணும் ஆகலியே தம்பி. லிஃப்டுல வண்டி போகுது. நான் இதத்தான் எடுத்துக்கப் போறேன்."

"இது காடில..."

"காடில போக வேணாம். நான் இங்கேயே இருந்துக்கறேன்."

அவன் சுவரில் சாய்ந்து நின்றான். கோபித்துக்கொள்வான் என்று எதிர்பார்த்தாள். கோபித்திருந்தால் சுலபமாக இருந்திருக்கும்.

"எங்க வீட்ல ஒனக்கு என்னக்கா கொறை வச்சோம்?"

"கொறை ஒண்ணுமில்ல. பகல் முழுக்க ஒருத்தரும் இல்லாம இருக்கு."

"இங்க மட்டும் யாரு இருக்கா? நவமணி அக்காகூடப் போயிட்டாங்க."

உண்மைதான். கீழேயிருந்து மேலே வரும்வரை ஒருவரும் 'எப்ப வந்த குமுதா' என்று கேட்கவில்லை.

"இங்கயும் யாரும் இல்லதான்," என்றாள். "ஆனா பசிச்சா நானே பாசாருக்குப் போயி ஒரு சாப்பாட்டுப் பொட்டலம் வாங்கிக்குவேன். சாயங்காலம் கடல் பக்கம் போயி ஒக்காந்துட்டு வருவேன். அங்க நீங்க வர்ற வரைக்கும் ஒக்காந்திருக்கணும் தம்பி. ஒங்க மேல தப்பு இல்ல."

"மறுபடி விழுந்தா?"

"விழுந்தா போன் போடறேன். நீ வா."

வாசற்படியில் தம்பி கட்டிய சரிவு அவளுக்கு நினைவுக்கு வந்தது. கையை நீட்டி அவன் மணிக்கட்டைத் தொட்டாள். அவன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "சரி. வாங்கிக்க," என்றான்.

குமுதா கைப்பேசியிலேயே கடைக்குப் பணம் அனுப்பினாள். நோர்மாவுக்கும் பேசினாள். சார்ஜரையும் ஐ.சி.யையும் சாயங்காலம் வீட்டுக்கே கொண்டுவந்து தருவதாக நோர்மா சொன்னாள்.

"இன்னைக்கே இங்க இருக்கப் போறியா?" என்றான் தம்பி. "மாத்திக்கத் துணிகூட இல்லியே. எல்லாம் நம்ம வீட்லல்ல கெடக்கு."

"அலமாரில இருக்குங்க," என்றாள் பிரமிளா. "மேல் தட்டுல ரெண்டு நைட்டி. போன வாரந்தான் தொவைச்சு மடிச்சு..."

நிறுத்திவிட்டாள். ஆனால் சொன்ன சொல் வெளியே வந்துவிட்டது.

புவனேஸ்வரன் அவளைத் திரும்பிப் பார்த்தான். பிறகு ஜன்னலோரம் போட்டிருந்த நாற்காலியை, பாயை, தலையணையை. கடைசியாகத் தொட்டியிலிருந்த கோப்பையை.

"போன வாரமா?" என்றான். "போன வாரம் நீ எப்படி இங்க வந்த?"

குமுதா ஏதாவது சொல்லிச் சமாளிக்க வாயெடுத்தாள். பிரமிளா அவளைப் பார்த்து வேண்டாம் என்பது போலத் தலையை அசைத்தாள்.

"காடில போறப்ப சொல்றேன்," என்றாள் கணவனிடம். "வாங்க, போலாம்."

*

அவர்கள் போன பிறகு வீட்டில் சத்தமே இல்லை.

இதைத்தானே மூன்று மாதமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள்? தன் வீடு, தன் ஜன்னல், தன் கடல். ஹாலில் ஒரு சுற்று வந்தாள். சமையலறைக்குள் போய்ப் பார்த்தாள். டின்னில் இருந்த பிஸ்கட் புதுசு. பிரமிளா வாங்கி வைத்தது. ஒன்றை எடுத்துக் கடித்தாள். இந்த நாற்காலியில் உட்கார்ந்து, இதே பிஸ்கட்டைத் தின்றுகொண்டு, அவள் என்ன யோசித்துக்கொண்டிருந்திருப்பாள்?

ஜன்னலருகே போய்க் கீழே பார்த்தாள். கார் நிறுத்துமிடத்தில் தம்பியின் கார் இன்னும் நின்றுகொண்டிருந்தது. கிளம்பவில்லை. உள்ளே இரண்டு தலை மங்கலாகத் தெரிந்தது. பிஸ்கட் கையிலேயே நமுத்துப்போகும்வரை குமுதா பார்த்துக்கொண்டிருந்தாள்.

திடீரென்று காரின் இடதுபக்கக் கதவு திறந்தது. பிரமிளா இறங்கினாள். குனிந்து உள்ளே ஏதோ சொன்னாள். கதவைச் சாத்தினாள். கார் ஒரு கணம் தயங்கி நின்றது. பிறகு பின்னால் எடுத்துத் திரும்பி, வேகமாகச் சாலையில் ஏறிப் போய்விட்டது.

பிரமிளா அதே இடத்தில், கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு, வெயிலில் நின்றாள். போவதற்கு இடம் தெரியாதவளைப் போல.

குமுதாவுக்கு அதற்குமேல் உட்கார்ந்திருக்க முடியவில்லை. வண்டியைத் திருப்பினாள். கதவை இழுத்துப் பூட்டிக்கொண்டு நடைவழியில் போனாள். லிஃப்ட் எங்கோ நின்று நின்று வந்தது. உள்ளே போய், பின்பக்கமாக வெளியே எடுத்து, கார் நிறுத்துமிடத்துக்கு வருவதற்குள் அவளுக்கு வியர்த்துவிட்டது.

அங்கே பிரமிளா இல்லை.

சாலை வரைக்கும் போய்ப் பார்த்தாள். பஸ் நிற்கும் இடத்தில் யாரும் இல்லை. காப்பிக் கடையில் இல்லை. கடல் பக்கமிருந்து வந்த ஒரு கிழவரிடம், "சேலை கட்டின பொம்பள ஒருத்தங்க அந்தப் பக்கம் போனாங்களா?" என்று கேட்டாள். அவர் உதட்டைப் பிதுக்கினார். சாவியைத் திருப்பி வாங்கிக்கொண்டேனே, ஒரு வார்த்தை நல்லதாகச் சொல்லி அனுப்பியிருக்கலாமே என்று மனது அடித்துக்கொண்டது.

கைப்பேசியை எடுத்துக் கூப்பிட்டாள். நெடுநேரம் மணி அடித்தது.

"அண்ணி..." பிரமிளாவின் குரல் எங்கோ கிணற்றுக்குள் இருந்து வருவது போலக் கேட்டது.

"எங்க இருக்க? எங்க போன நீ?"

"இங்கதான் அண்ணி, உங்க வீட்டு வாசல்ல. படியேறி வந்து ரொம்ப நேரமா தட்டறேன். சனிக்கிழமை விஷயத்த அவர்கிட்ட சொல்லிட்டேன், அவர் என்னை எறங்கிக்கச் சொல்லல. நானாத்தான் எறங்கினேன். இன்னைக்கு மட்டும் உள்ள விடுங்க அண்ணி. இன்னொன்னும் இருக்கு. அவர்கிட்டயே இன்னும் சொல்லல."

குமுதா நிமிர்ந்து பார்த்தாள். மேலே, தன் மாடி நடைவழியின் கைப்பிடிச் சுவரோரம், பிரமிளாவின் சேலைத் தலைப்பு காற்றில் பறப்பது தெரிந்தது.

"அங்கயே நில்லு," என்றாள். "நான் உன்னைத் தேடிக்கிட்டு கீழ வந்துட்டேன். இதோ மேல வர்றேன்."